வீட்டை விற்கப் போறீங்களா? வாயைத் திறங்க சார்!

வீடு வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்ல நம்ம ஊரில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது. மாமனார் சொல்வார். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் சொல்வார். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே சலூன்காரர் சொல்வார். 'மூலப்பத்திரம் பாத்தீங்களா? ஈ.சி. போட்டீங்களா? போர்ல தண்ணி இருக்கா?' என்று ஆளாளுக்கு ஒரு கேள்வி. ஆனால், வீட்டை விற்கப் போகிறவனுக்கு? ஒரே ஒரு யோசனைதான். 'எதையும் வெளியில சொல்லிராத, விலை விழுந்துரும்!'

இந்த யோசனை தப்பு. தர்மப்படி தப்பு என்று உபதேசம் செய்ய வரவில்லை. (அதற்கு இந்த இதழிலேயே வேறு பக்கம் இருக்கும்!) சட்டப்படி தப்பு. காசுக் கணக்குப்படியும் தப்பு.

நான் பி.காம். மெர்க்கன்டைல் லா பேப்பரில் 'கேவியட் எம்ப்டார்' என்று ஒரு லத்தீன் வார்த்தை வரும். 'வாங்குகிறவனே, உஷார்!' என்று அர்த்தம். அது 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம். விளக்குத்தூண் பக்கம் சட்டைத் துணி எடுக்கிறீர்கள் என்றால், பிரித்துப் பார்த்து எடுக்க வேண்டியது உங்கள் பாடு. சாயம் போனால் போனதுதான்.

வீட்டுக்கு இந்த லத்தீன் அவ்வளவாகச் செல்லாது. வீட்டுக்கு வேறு சட்டம். 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம். அதில் 55-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? வீட்டிலோ, வீட்டின் மீதுள்ள உரிமையிலோ ஒரு முக்கியமான குறை இருக்கிறது, அது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, சாதாரண கவனத்தோடு பார்த்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. அப்படியென்றால் விற்பவர் தானாகவே அதைச் சொல்லியாக வேண்டும். 'அவர் கேட்கலை, நான் சொல்லலை' என்று நழுவ முடியாது. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசியில் பட்டவர்த்தனமாகப் போட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் ஒழிய இதுதான் நிலைமை.

இதை எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர் அண்ணனிடம் சொன்னேன். முப்பது வருஷமாக ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறவர். சிரித்தார்.

"தம்பி, சட்டத்தை விடுங்க. பத்திரத்தைப் படிச்சிருக்கீகளா? விக்கிறவரு கையெழுத்துப் போடுறாரே, எதுக்குக் கீழ போடுறாருன்னு பாத்திருக்கீகளா?"

ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்து நீட்டினார். மூன்றாம் பக்கம். ஷை சொத்தில் யாதொரு வில்லங்க விவகாரமும் இல்லையென்றும், பின்னிட்டு அப்படி ஏதேனும் ஏற்படும் பட்சத்தில் எனது சொந்தச் செலவிலும் எனது இதர சொத்துக்களைக் கொண்டும் முன்னின்று தீர்த்துக் கொடுப்பேன் என்றும்...

'எனது இதர சொத்துக்களைக் கொண்டும்.' கவனித்தீர்களா சார்? விற்கிற வீடு மட்டுமில்லை, மிச்சமிருக்கிற வீடு, வாசல், வயல் எல்லாம் பிணை! அப்படி எழுதாமலே விட்டாலும்கூட, 'இந்தச் சொத்து எனக்குப் பாத்தியமானது, விற்க எனக்கு அதிகாரம் உண்டு' என்று விற்பவர் உறுதி கொடுத்ததாகவே 55-வது பிரிவு எடுத்துக்கொள்ளும். வாங்கியவர் வீட்டை இன்னொருத்தருக்கு விற்றால் அந்த உறுதியும் கூடவே போகும். பத்து வருஷம் கழித்து முகம் தெரியாத ஒருத்தர் உங்கள் மேல் கேஸ் போடலாம்.

நம்மில் எத்தனை பேர் அந்த மூன்றாம் பக்கத்தைப் படிக்கிறோம்? போட்டோ ஒட்டி, கைரேகை வைத்து, பால்கோவா சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் இது ரொம்ப முற்றிப்போன விஷயம். கலிஃபோர்னியாவில் விற்பவர் கூரை ஒழுகல் முதல் பக்கத்து வீட்டுத் தகராறு வரை ஒரு நீளமான படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்குள் அந்த வீட்டில் யாராவது இறந்திருந்தால் அதைக்கூட மறைக்கக் கூடாது. நியூயார்க் மாநிலத்தில் நையாக் என்ற ஊரில் ஓர் அம்மாள், தன் வீட்டில் பேய் இருப்பதாகப் பத்திரிகைகளில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டை விற்கிறபோது மட்டும் பேய் சமாசாரத்தைச் சொல்லவில்லை. வாங்க வந்தவர் கோர்ட்டுக்குப் போனார். 1991-ல் மேல்முறையீட்டுக் கோர்ட், 'ஊருக்கெல்லாம் பேய் வீடு என்று சொல்லிவிட்டு இப்போது இல்லை என்று சொல்ல முடியாது. சட்டத்தின் பார்வையில் இந்த வீட்டில் பேய் இருக்கிறது' என்று சொல்லி, அவர் அந்த வியாபாரத்திலிருந்து விலகிக்கொள்ள வழி செய்தது!

நம்ம ஊரில் பேய்க்கு ஈ.சி. கிடையாது. ஆனால், பேயைவிட மோசமான சமாசாரங்கள் ஈ.சி.யில் வராமல் ஒளிந்திருக்கும்.

* * *

அந்த ஈ.சி.யைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். வில்லங்கச் சான்று. முன்பெல்லாம் மனு எழுதிக் கொடுத்துவிட்டு நாலு தடவை நடக்க வேண்டும். இப்போது பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். அதனால் வந்த வினை, எல்லோரும் ஈ.சி.யில் ஒன்றும் இல்லை என்றால் வீட்டில் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஈ.சி. என்பது ரிஜிஸ்டர் ஆனதை மட்டும் சொல்லும். தாத்தா எழுதிய உயில் வராது. உயில் பதிவானாலும் அது தனிப் புத்தகம். அண்ணன் தம்பிகள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது வராது. அப்பா இறந்தபின் யார் யார் வாரிசு என்பது வராது. இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக்கொண்ட ஒத்தி வராது. வாங்குபவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத சமாசாரம் என்று சட்டம் சொல்கிறதே, அது பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

சரி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கண்டுபிடித்துவிட மாட்டார்களா? மாட்டார்கள். அது அவர்கள் வேலையே இல்லை. 2022-ல் தமிழ்நாடு பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு. தொலைந்துவிட்டது என்றால் போலீஸ் சான்றிதழ், பேப்பர் விளம்பரம் வேண்டும். இதை எதிர்த்த ஒரு வழக்கு டெல்லி வரை போய், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்றது. காரணம்? விற்பவருக்குச் சொத்தில் உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்குச் சட்டத்தில் கிடையாது. அதன்பின் அதே வருஷம் சட்டசபையில் சட்டத் திருத்தத்துக்கே மசோதா கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். இந்த இழுபறியில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ரிஜிஸ்டர் ஆகிவிட்டது என்பதற்கும், உரிமை சுத்தமாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமில்லை. சீல் குத்துவது வேறு, சர்டிபிகேட் கொடுப்பது வேறு.

எந்த விதி எப்படி இருந்தாலும் அசல் பத்திரம் கையில் இல்லையென்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தொலைந்ததா, பேங்க்கில் இருக்கிறதா, பெரிய அண்ணன் பீரோவில் இருக்கிறதா? (மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்து!)

* * *

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை, தெருவுக்கே மாமா. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். பெத்தானியாபுரத்தில் அவருடைய அப்பா 1968-ல் வாங்கின ஓட்டு வீடு, பிறகு மாடி போட்ட வீடு. அதை 42 லட்சத்துக்குப் பேசி மூன்று லட்சம் அட்வான்ஸும் வாங்கிவிட்டார். மகள் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. வாங்க வந்தவன் நம்ம வயசுப் பையன். ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறான். முக்கால்வாசி பேங்க் லோன், மீதி பெண்டாட்டி நகை.

"நானும் என் தம்பியும்தான். ரெண்டு கையெழுத்து. முடிஞ்சது வேலை" என்று மாமா சொல்லியிருந்தார்.

பேங்க் வக்கீல் வாரிசு சான்றிதழ் கேட்டார். அதில் மூன்று பெயர். மாமா, தம்பி, போடியில் கட்டிக்கொடுத்த அக்கா.

பையன் பதறிப்போய் போன் செய்தான். "அங்கிள், மூணு பேர் இருக்காங்களே?"

"அது எங்க அக்கா. கல்யாணம் ஆகி எழுபத்தொம்பதுலயே போயிருச்சுப்பா."

இதைக் கேட்ட பத்திர எழுத்தர் அண்ணன் சொன்னார்: "வீட்டை விட்டுத்தானே போனாக? சர்டிபிகேட்டை விட்டுப் போகலையே!"

மாமாவுக்கு நியாயமாகவே ஒரு வாதம் இருந்தது. "பொம்பளைப் புள்ளைக்குச் சொத்துங்கிற சட்டம் 2005-லதானே வந்துச்சு? எங்க அப்பா 1994-லயே போயிட்டாரே!"

இந்த வாதத்தை மதுரையில் பாதிப் பேர் சொல்கிறார்கள். 2005 சட்டமும், அதற்கு முன்பே 1989-ல் தமிழ்நாட்டில் வந்த திருத்தமும் பரம்பரைக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியவை. அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு என்றால் கணக்கு வேறு. உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவரும், எல்லோருக்கும் சம பங்கு. இது 1956-லிருந்தே சட்டம்! குடியிருக்கும் வீட்டைப் பிரித்துக் கொடு என்று மகள் கேட்பதற்கு மட்டும் ஒரு தடை இருந்தது. அதைத்தான் 2005-ல் எடுத்தார்கள். பங்கு முன்பே இருந்தது. (கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டம், வேறு கணக்கு. ஆனால், மகளை விட்டுவிடலாம் என்று அவையும் சொல்லவில்லை.)

ஆக, மாமாவின் அப்பா போனபோது அம்மாவோடு சேர்த்து நாலு பங்கு. அம்மாவும் போனபின் மூன்று சம பங்கு. இரண்டு கையெழுத்தில் பத்திரம் முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தப் பையனுக்கு மூன்றில் இரண்டு பங்குதான் சேர்ந்திருக்கும். மீதிக்கு அக்கா எப்போது வேண்டுமானாலும் கோர்ட்டுக்குப் போயிருக்கலாம். அப்போது மூன்றாம் பக்கத்து 'இதர சொத்துக்கள்' வேலை செய்திருக்கும்.

மாமா என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். தேனி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து போடி. உசிலம்பட்டி தாண்டும் வரை பேசவே இல்லை. பிறகு சொன்னார். "சீர்செனத்தி எல்லாம் செஞ்சோம்ப்பா. இருபது பவுன். வேண்டாம்னுதான் சொல்லும்னு நெனச்சேன்."

அந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஏன்டா தம்பி, நான் கையெழுத்துப் போட மாட்டேன்னா சொல்லிருவேன்? அந்த வாசல்ல கோலம் போட்டவ நான். வீடு விக்கிறது, பக்கத்து வீட்டுக்காரி போன் போட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

மாமா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டார் அந்த அம்மா. பங்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "பேத்தி நர்சிங் படிக்கணும்ங்கிறா" என்றார். வாங்கியதில் ஒரு தப்பும் இல்லை. 21 லட்சம் என்று மாமா போட்டு வைத்திருந்த கணக்கு 14 லட்சமானது. கல்யாணம் பெரிய மண்டபத்திலிருந்து சின்ன மண்டபத்துக்கு மாறியது. அக்கா முதல் நாளே வந்து பந்தல்காலுக்கு நின்றார். பத்திரப் பதிவு ஏழு வாரம் தள்ளிப்போனது. அதற்குள் பேங்க் லோன் அனுமதிக் காலம் முடிந்து, அந்தப் பையன் திரும்ப முதலிலிருந்து அலைந்தான். முதல் நாளே 'எனக்கு ஓர் அக்கா உண்டு' என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை யாராவது இருந்தால் இன்னும் கவனம். அப்பா அம்மாவே ஆனாலும், மைனரின் பெயரில் உள்ள சொத்தைக் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றால், மேஜரான பின் மூன்று வருஷத்துக்குள் அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லி அந்தப் பிள்ளை கேட்க முடியும். பால் மறக்காத குழந்தை என்று நினைத்து விற்போம். வக்கீலோடு வந்து நிற்கும்!

* * *

அடுத்தது, மதுரையின் தனிப்பெருமை. ஒத்தி! வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். வரவேண்டும்.

ஞானஒளிவுபுரத்தில் என் நண்பன் ஐந்து லட்சம் கொடுத்து ஒத்திக்குக் குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு குடும்பம் உள்ளே வந்து டேப் வைத்து ஹாலை அளந்தது. "சோபா இங்கிட்டு, டி.வி. அங்கிட்டு" என்று பேசிக்கொண்டது.

"நீங்க யாரு சார்?" என்றான் நண்பன்.

"வீட்டை வாங்கப் போறவங்க. நீங்க எப்ப காலி பண்றீங்க?"

"அஞ்சு லட்சத்தை எப்ப தர்றீங்க?"

"எந்த அஞ்சு லட்சம்?"

டேப் சுருண்டுகொண்டது. வீட்டுக்காரர் 'வாடகைக்கு இருக்காங்க, சொன்னா போயிருவாங்க' என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறார். பிறகு வியாபாரமே முறிகிற நிலைக்குப் போய், விலையில் ஐந்து லட்சத்தைக் கழித்துக்கொண்டு அதை நேராக நண்பன் கையில் கொடுத்து முடித்தார்கள். இங்கே வாங்குபவருக்கும் ஒரு குட்டு உண்டு. வீட்டில் வேறொருவர் குடியிருந்தால், அவருக்கு என்ன பாத்தியம் இருக்கிறதோ அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சட்டம் வைத்துக்கொள்ளும். கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது. கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் சொன்னது பொய் என்றால் விற்றவர் தப்ப முடியாது.

லோன் விஷயத்தில் வேறொரு வேடிக்கை. கடனை அடைத்து, கடைசித் தவணை கட்டிய அன்று கோயிலுக்குப் போய் அர்ச்சனையும் செய்துவிடுகிறோம். ஆனால், பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய அந்த அடமானம் ரிஜிஸ்டர் ஆபீஸில் பதிவாகி இருக்குமே, அதை ரத்து செய்து ரசீது பதிவு செய்ய மறந்துவிடுகிறோம். பதினைந்து வருஷம் கழித்து விற்கிறபோது ஈ.சி.யில் அந்தக் கடன் உயிரோடு எழுந்து உட்கார்ந்திருக்கும். கடனை முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான அடமானத்தையும் நீக்கித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-ல் உத்தரவு போட்டது. தாமதம் வங்கியால் என்றால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு. 2023 டிசம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. நாம்தான் போய் நின்று கேட்பதில்லை.

* * *

இனி, மண். மதுரையில் ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உயர் நீதிமன்றக் கிளை 2004-லிருந்து இயங்குகிற இடத்தின் பெயர் உலகனேரி. பெயரிலேயே ஏரி! கண்மாய், ஏந்தல், ஊருணி, தாங்கல் என்று முடியாத பேட்டைகளே குறைவு. தண்ணீர் நின்ற ஊர் இது. நீர்நிலைப் புறம்போக்கில் வீடு இருந்தால், வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் எத்தனை வருஷத்துக்கு இருந்தாலும் காப்பாற்றாது. கண்மாய்களைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. 'வரி கட்டுறேன் சார், நம்ம இடம்தானே?' என்பார்கள். வரி கட்டிடத்துக்கு, நிலத்துக்கு இல்லை.

பட்டா இருக்கிறதே என்றால் அதையும் ஒருதரம் உற்றுப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை யு.டி.ஆர். என்று நில ஆவணங்களைத் திருத்தி எழுதினார்கள். அதில் அப்பா பெயருக்குப் பதில் பக்கத்து மனைக்காரர் பெயர், 5 சென்டுக்குப் பதில் 3 சென்ட் என்று புகுந்த பிழைகள் இன்னும் தீரவில்லை. பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் ஓர் அளவு என்றால் விற்கும்முன் தாலுகா ஆபீஸில் சரிசெய்யுங்கள். முடியாவிட்டால் வித்தியாசத்தைச் சொல்லியாவது விற்கவும். விற்பவர் பேரில் பட்டா ஒழுங்காக இருந்தால் வாங்குபவர் பெயருக்கு மாறுவதும் சுலபம்.

மனை அங்கீகாரம் இன்னொரு தலைவலி. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை போட்டபோது, ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசல்களில் ஈ ஓட்டினார்கள். (எங்கள் அண்ணன் வேப்பமரத்தடியில் செஸ் கற்றுக்கொண்டது அப்போதுதான்.) பிறகு 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம். கட்டினீர்களா? அந்த உத்தரவு எங்கே? 2011-ல் மதுரை மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாக விரிந்தபோது அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர் எல்லாம் உள்ளே வந்தன. சுற்றியிருந்த பஞ்சாயத்துகளும் வந்தன. அங்கெல்லாம் பழைய பஞ்சாயத்து அனுமதியை வைத்துக் கட்டிய வீடுகள் ஏராளம். அந்தக் காகிதத்தையே அப்படியே காட்டுங்கள். 'அப்ரூவல் இருக்கு' என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எந்த அப்ரூவல் என்பதுதான் கேள்வி.

நகருக்குள்ளே மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் என்றால் உயரம். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது. அதற்கு மேல் ஒரு தளம் போட்டு, வாடகைக்கு விட்டு, 'மூணு மாடி சார்' என்று விலையை ஏற்றிச் சொல்கிறவர்கள், அந்த மேல்தளம் வரைபடத்தில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய வீடுகளில் பொதுச்சுவர் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கும் பாதி. இடிக்கிறபோதுதான் வாங்கியவருக்குத் தெரியவரும்.

வீட்டின் குறை என்றவுடன் எல்லோரும் ஒழுகல், விரிசல் என்று ஆரம்பிப்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற விரிசலைச் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. அது வாங்குபவர் கண் செய்ய வேண்டிய வேலை. தெரியாமல் பூசி மெழுகினால்தான் வம்பு. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் வடிந்தபின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு நிற்கும். அந்தக் கோட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டு, 'இங்க ஒரு சொட்டு தண்ணி நிக்காது சார்' என்று சொல்வது சும்மா இருப்பதல்ல. வேண்டுமென்றே மறைப்பது. 1872 ஒப்பந்தச் சட்டத்திலும் அதற்கு மோசடி என்றே பெயர்.

* * *

பணம். இதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். 2015 ஜூன் முதல் வீடு, மனை விற்பனைக்கு அட்வான்ஸாகவோ முழுத் தொகையாகவோ 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கினால் அதே அளவு தொகை அபராதம். யாருக்கு? கொடுத்தவருக்கு இல்லை சார், வாங்கிய உங்களுக்கு! 'பத்திரத்தில குறைச்சுப் போட்டுக்கலாம், மீதி கையில' என்று புரோக்கர் காதைக் கடிக்கிறபோது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவர் உங்கள் பான் எண்ணில் கட்டிவிடுவார். லாபத்துக்கு வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்றால், வாங்கிய விலையை அப்படியே வைத்து 12.5 சதவீதம், அல்லது விலைவாசிக்கு ஏற்ப அந்த விலையை உயர்த்தி 20 சதவீதம். எது குறைவோ அது. ஒரு நல்ல ஆடிட்டரைப் பாருங்கள். (எங்கள் பி.காம். செட்டில் நாலு பேர் சும்மாதான் இருக்கிறார்கள்.)

வாங்குபவருக்கும் வாய் திறக்கும் கடமை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விற்பவருக்கே தெரியாமல் அவருடைய உரிமை அவர் நினைப்பதைவிடப் பெரிது என்றும், அதனால் விலை நன்றாகவே கூடும் என்றும் வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால், அவர் சொல்ல வேண்டும். 'பின்பக்கச் சந்தும் உங்களுக்குத்தான் பாத்தியம், பழைய பத்திரத்தில் பார்த்தேன்' என்று சொல்லிவிட்டு வாங்க வேண்டும். அப்படிச் சொன்ன ஒருத்தரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அண்ணனும் முப்பது வருஷத்தில் சந்திக்கவில்லை என்றார்.

கடைசியாக, காகிதங்களை ஒப்படைப்பது. முழுப் பணமும் வந்துவிட்டால் உங்கள் கையில் இருக்கும் எல்லா மூலப் பத்திரங்களையும் கொடுத்துவிட வேண்டும். வீட்டில் ஒரு பகுதியை மட்டும் விற்கிறீர்கள் என்றால் மூலப் பத்திரத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். ஆனால், வாங்கியவர் கேட்கிறபோது அவர் செலவில் காட்ட வேண்டும், பத்திரமாகவும் வைத்திருக்க வேண்டும். பல பேருக்குத் துண்டு துண்டாக விற்றால், இருப்பதிலேயே அதிக மதிப்புள்ள துண்டை வாங்கியவருக்கு மூலம் போய்ச் சேரும். பதிவு நாள் வரையிலான வீட்டு வரி, தண்ணீர் வரி பாக்கி விற்பவர் தலையில்.

கொடுக்கிறபோது என்னென்ன கொடுத்தோம் என்று ஒரு பட்டியல் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொல்வார் அண்ணன். 1968 கிரயப் பத்திரம் அசல், வாரிசு சான்றிதழ், பட்டா, வரைபடம், வரி ரசீது 22, கரண்ட் அட்டை ஒன்று என்று வரிசையாக. பெத்தானியாபுரம் மாமா வீட்டுப் பட்டியலில் கடைசி வரி இப்படி இருந்தது: 'மேற்படி காகிதங்கள் வைத்திருந்த மஞ்சப்பை ஒன்று.' மாமா அதை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார். "பையை நான் வச்சுக்கிறேன்ப்பா. எங்கப்பா வச்சிருந்தது."